ஊசிக்குருவி இல்லாத வருஷம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். அனைவரும் என்றால் நான், ஒழுகும் சமையலறைக் குழாய், பூட்டியே கிடக்கும் உன் அறை. உன் முதுகுவலி கரையிலேயே நின்றுவிட்டதா, உன்னோடு கப்பலில் ஏறிக்கொண்டதா?

தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவளின் தம்பி கடிதம் எழுதாமல் போனில் பேசினால் என் கவுன்ட்டரை இழுத்து மூடிவிடுவார்கள். அதனால் எழுது. போனில் உன் குரலும் சரியாக வருவதில்லை. தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறாய்.

கவுன்ட்டரில் கண்ணாடித் தடுப்பை மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். நேற்று ஒருவர் மூன்று முறை சொல்லிவிட்டு, "எழுதிக் கொடுக்கட்டுமா மேடம்?" என்றார். கிண்டல்.

ஞாயிறு நடைக்கு இது ஆறாவது வருஷம். பதினோரு பிள்ளைகள், நான்கு பைனாகுலர், குளத்தை ஒரு சுற்று. முதலில் கரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் கண்ணை மூடுவோம். புதிதாக ஒரு சத்தம் கேட்டால் ஒரு விரலை நீட்ட வேண்டும். போன வாரம் நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தேன். என் கையில் மூன்று விரல். பிள்ளைகளிடம் ஆறு, ஏழு. ஓரக்கண்ணால் பார்த்து ஒருத்தரை விட ஒருத்தர் ஏற்றிக்கொள்கிறார்கள்.

நோட்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். கண்ணால் பார்த்த பறவையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். குரலை மட்டும் கேட்டு எழுதுவதென்றால் இரண்டு பேர் கேட்டிருக்க வேண்டும். அதில் ஒருத்தி நான். இல்லையென்றால் எங்கள் குளத்தில் பென்குயின்கூட நீந்தும்.

ஊசிக்குருவியை மட்டும் காணோம். உனக்கு நினைவிருக்கும், கோரைக்குள்ளேயே ஒளிந்து வாழும் கட்டைவிரல் அளவுப் பறவை. போன விடுமுறையில் உன்னை நிற்க வைத்து அதன் குரலைக் கேட்க வைத்தேனே. புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். ஊசி குத்துவது போலக் கத்துவதால் பிள்ளைகள் வைத்த பெயர் இது. டிசம்பரில் வாயை மூடும். ஜனவரியில் மறுபடி ஆரம்பித்து வருஷம் முழுக்கக் கத்தும். இந்த ஜனவரியில் ஆரம்பிக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

முதுகுவலியும் நானும் ஒரே அறையில் சமாதானமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இயந்திர அறையில் யாரும் யாரோடும் பேச முடியாது. காதில் மூடி, கையால் பேச்சு. கட்டைவிரலைத் தூக்கினால் ஓடுகிறது. கழுத்தில் கை வைத்தால் நிறுத்து. வயிற்றைத் தட்டினால் சமையல்காரர் இன்று ஏதோ உருப்படியாகச் செய்திருக்கிறார்.

வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி போன்ற ஓர் அறையில் உட்கார வைத்துக் காதைச் சோதிப்பார்கள். போன வாரம் என் முறை. சோதனைத் தாளில் என் காதுக்கான கோடு நேராகப் போகிறதாம். "குழந்தைக் காது" என்றார் டாக்டர். அம்மா இருந்தால், "காது இருக்கு, கேக்கத்தான் மாட்டான்" என்றிருப்பாள்.

ஊசிக்குருவி லீவில் இருக்கும். என்னைப் போல அதற்கும் எப்போதாவதுதான் கிடைக்கும். விடு.

தம்பி

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் மாடிப்படியில் மட்டும் பேசுகிறது. மற்றபடி நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

காரணம் கிடைத்துவிட்டது. தோட்டக்காரர். குளத்தைப் பார்த்துக்கொள்ள நகராட்சி போட்டிருக்கும் ஆள். டிசம்பரில் வடகரைக் கோரையை முழங்கால் உயரத்துக்கு வெட்டியிருக்கிறார். பறவைக்கு ஒளிய இடம் இல்லை, போய்விட்டது. கேட்டேன்.

"வருஷா வருஷம் வெட்டறதுதானேம்மா?"

"இவ்வளவா வெட்டுவீங்க?"

"அடுத்த தடவை உங்களைக் கேட்டு ஒவ்வொரு புல்லா வெட்டறேன்" என்றார்.

சிக்கல் என்னவென்றால், அவர் மகள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறாள். ஒன்பது வயது. பட்டாணி என்று கூப்பிடுவோம். எங்கே விட்டாலும் உருண்டு போய்க் கோரைப் பக்கம்தான் நிற்பாள். இருப்பதிலேயே கூர்மையானவள். போன ஞாயிறு, கண்களை மூடி உட்கார்ந்திருந்தபோது என் கையைத் தொட்டாள்.

"அத்தை, ஊசி கத்துது."

"எங்க?"

"அங்க. இப்ப. இதோ, மறுபடியும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். காற்று. தூரத்தில் ஒரு லாரி. அவ்வளவுதான்.

"எனக்குக் கேக்கலையே. வேற யாருக்காவது கேட்டுதா?" என்றேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள்.

அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அது எனக்குப் புரிகிறது, பிடிக்கவும் செய்கிறது. ஆனால் நோட்டில் எப்படி எழுதுவது?

இதற்கு நடுவில் கைக்கடிகாரத்தின் அலாரம் செத்துவிட்டது. கடையில் கொடுத்தால், "நல்லாத்தானேம்மா அடிக்குது" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுகிறான். எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள்.

அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

உன் கோபத்தைப் பார்த்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிகிறது. நானும் நலம்.

கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே.

ஒன்று கேட்கலாமா? பொய் சொல்கிற பிள்ளை "இருந்துச்சு, இப்ப பறந்து போச்சு" என்றுதான் சொல்லும். "இதோ, மறுபடியும்" என்று சொல்லுமா? எனக்குத் தெரியாது. பிள்ளைகளோடு எனக்குப் பழக்கம் இல்லை, மோட்டார்களோடுதான்.

ஒரு காரியம் செய். போனில் இருபது நிமிடம் பதிவுசெய்து, மெமரி கார்டைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. குழந்தைக் காதால் கேட்டுச் சொல்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ?

கார்டு இத்துடன். இந்த ஞாயிறு எடுத்தது. இருபது நிமிட வெறுமை. இதன் இன்னொரு பிரதியை நகராட்சிக்கு அனுப்பியிருக்கிறேன், தோட்டக்காரர் மேல் ஒரு மனுவோடு. பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பையன் பெயருக்குப் பக்கத்தில் குருவி வரைந்தான், நான் அழிக்கச் சொல்லவில்லை.

பட்டாணி போடவில்லை.

"ஏன்?"

"அது இருக்கே அத்தை."

"இங்க பாரு, பறவை பார்க்க வர்றவங்க பொய் சொல்லக் கூடாது."

"நான் சொல்லலை."

"சரி. உண்மையைச் சொல்ல மனசு வந்ததும் வா."

பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினாள். கண்ணாடிக்கு மூடியைப் போட்டாள். வாரைச் சுற்றிக் கட்டினாள். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே. என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் செய்தது சரிதானே? ஒரு பிள்ளைக்காக விதியை வளைத்தால் மற்ற பத்துப் பேருக்கு எதைச் சொல்லிக் கொடுப்பேன்?

ஜூன் 12 விசாரணை. உன் பதிலும் கையில் இருந்தால் தெம்பாக இருக்கும்.

அக்கா

ஜூன் 1

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இடையில் இரண்டு துறைமுகம் வந்து போனது. உடம்பு நலம்.

கார்டு திறக்கவில்லை. உப்புக்காற்று பட்டிருக்கும்.

இங்கே வெயில். சமையல்காரர் தாடி வளர்க்கிறார். பம்ப் ஒன்று கெட்டுப்போய் மூன்று நாள் தூக்கமில்லை. புது ஆள் ஒருவன் சேர்ந்திருக்கிறான், நன்றாகச் சீட்டு ஆடுகிறான். நேற்று டால்பின் பார்த்தோம், ஏழோ எட்டோ.

முழங்காலுக்காக டாக்டரிடம் போவாய் அல்லவா? போகும்போது மொத்தமாக ஒரு பரிசோதனை செய்துகொள்ளேன். கண், காது எல்லாம். நம் வயதில் எல்லோரும் செய்துகொள்வதுதான்.

விசாரணையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்ல முடியாதா?

தம்பி

ஜூன் 16

தம்பிக்கு,

நலம். விசாரணை முடிந்தது. தள்ளிப் போட என்ன இருக்கிறது?

அதிகாரி நல்லவர். நான் அனுப்பிய பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டார்.

"ஏதோ கீச்சுக் கீச்சுன்னு கேக்குதேம்மா?"

"அது பூச்சி சார்."

"அப்படியா? நமக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று கழற்றி வைத்தார்.

ஆறு வருஷ நோட்டையும் மேசை மேல் வைத்தேன். போன வருஷம் நாற்பத்தொரு ஞாயிறு ஊசிக்குருவி. இந்த வருஷம் ஒரு நாள்கூட இல்லை.

தோட்டக்காரரை ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமாம். சம்பள உயர்வும் நின்றுபோனது. அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. எச்சரிக்கை கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வரும்போது வராந்தாவில் பட்டாணி நின்றுகொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். அவள் வாய் அசைந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கோரை இப்போது ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் அது வரவில்லை.

அக்கா

ஜூலை 8

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

கார்டு திறந்தது. முதல் நாளே திறந்தது.

மூன்றாவது நிமிடத்தில் உன் குரல் வருகிறது. "பார்த்தீங்களா, எவ்வளவு அமைதி." நீ சொல்லும்போதே அது கத்துகிறது, அக்கா. உன் குரலுக்கு மேலேயே. ஊசி குத்துவது போல. நீ என்னை நிற்க வைத்துக் கேட்க வைத்த அதே குரல். அதற்குப் பிறகு ஒரு சின்னப் பெண் மெதுவாக, "இப்ப" என்கிறாள். நீ "உஷ்" என்கிறாய். இருபது நிமிடத்தில் இருபத்தாறு முறை. எண்ணினேன்.

நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்று சமையல்காரரைக் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லாமல் காதில் வைத்தேன். "சைக்கிள் சக்கரத்துக்கு எண்ணெய் போடச் சொல்லுப்பா" என்றார்.

இயந்திர அறையில் பலருக்குக் காதில் வருவதுதான். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் முதலில் போகும். மற்றதெல்லாம் கேட்கும். அதனால் போனது நமக்குத் தெரியாது. மற்றவர்கள் வாய்க்குள் பேசுவதாகத் தோன்றும்.

அந்த வாரமே எழுத உட்கார்ந்தேன். உன் ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படிப் பிடுங்குவது? பம்ப், தாடி, டால்பின் என்று எழுதிக் கவரை ஒட்டினேன். டால்பின்கூடப் பொய். நீ "அது பூச்சி சார்" என்று எழுதியதைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை. ஜூன் 12க்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதர் இரண்டு பஸ் மாறுவதில் ஒரு பஸ் என்னுடையது.

தம்பி

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

ஐந்து வாரம். தபால்காரர் மேல் பழி போட முடியாது. அவர் உன் ஆள்.

சாப்பிடுகிறாயா? திட்டியாவது எழுது.

தம்பி

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன்.

முதலில் உன் மேல் கோபம். பிறகு உன் சமையல்காரர் மேல். எண்ணெய் போடாத சைக்கிளாம்.

பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்தேன். "அடிக்குதா?" என்றேன். காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்க அத்தை" என்றாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கையில் ஒரு மௌனமான கடிகாரம்.

டாக்டரிடம் போனேன். உன் பெட்டி மாதிரியே ஒரு பெட்டி. கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் அழுத்தாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். என் கோடு பாதி தூரம் நேராகப் போகிறது. பிறகு படிக்கட்டில் கால் தவறியது போல விழுகிறது. காதில் மெஷின் வைத்தால் பேச்சு தெளியும் என்றார். அவ்வளவு மெல்லிய குருவிக்கு உத்தரவாதம் இல்லை என்றார்.

நகராட்சிக்குப் போனேன். "புகாரைத் திரும்ப வாங்கணும்னா அதுக்கும் ஒரு விசாரணை இருக்கும்மா" என்றார் அதிகாரி.

"நடத்துங்க."

"காரணம்னு என்ன எழுதட்டும்?"

"புகார் கொடுத்தவங்களுக்குக் காது கேக்காதுன்னு எழுதுங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் எழுதினார்.

தோட்டக்காரர் வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டார். "உங்க காது சரியில்லைன்னா என்னை எதுக்கும்மா குப்பைமேட்டுக்கு அனுப்பினீங்க?" என்றார். அவருக்குப் பின்னால் பட்டாணி பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். பக்கம் திருப்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் சொன்னேன். அதுதான் எல்லாவற்றையும் விடச் சிரமம் என்று நினைத்துப் போனேன். சொல்லி முடித்ததும் குருவி வரைந்த பையன், "நாங்களும் கேட்டோம் அத்தை" என்றான்.

"என்ன கேட்டீங்க?"

"ஊசி. எல்லா வாரமும்."

"ஏன்டா சொல்லலை?"

"நீங்க இல்லைன்னு சொன்னீங்க. அதனால பூச்சின்னு நினைச்சுக்கிட்டோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பத்துப் பேரும். குற்றம் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

தம்பி, இவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா

செப்டம்பர் 17

அக்காவுக்கு,

இங்கே நலம். ஒரே ஒரு கேள்வி. அவள் வந்தாளா?

தம்பி

அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நலம். மெஷின் வைத்திருக்கிறேன். கவுன்ட்டரில் வருகிறவர்கள் திடீரென்று வாயைத் திறந்து பேச ஆரம்பித்திருக்கிறார்கள். உன் முதுகு?

உத்தரவு ரத்தாகி, ஒன்றாம் தேதி தோட்டக்காரர் குளத்துக்குத் திரும்பிவிட்டார். நான்கு மாதச் சம்பள உயர்வு வரவில்லை, அதற்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார். பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

நோட்டு விதியை மாற்றிவிட்டோம். குரல் கேட்டதாக எழுத இரண்டு பிள்ளைகள் போதும். நான் வெறும் எழுதுகிறவள். பிள்ளைகள் கேட்டதை எழுதித்தான் இப்போது பக்கம் நிறைகிறது. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று தென்கரையில் கத்துகிறதாம், மூன்று வாரமாகச் சண்டை நடக்கிறது.

அவள் முதல் ஞாயிறு குளத்துப் பம்ப் அறைப் படியில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். இந்த ஞாயிறு எழுந்து வந்தாள். வரிசையில் கடைசியாக நின்றாள். நான் போய்க் குனிந்தேன்.

"நீ சொன்னது நிஜம். நான் சொன்னதுதான் தப்பு."

"தெரியும்" என்றாள்.

"நான் உன்னை அனுப்பியிருக்கக் கூடாது."

பைனாகுலரை நீட்டினேன். உடனே வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற சிறுமி வாங்கி அவள் கழுத்தில் மாட்டினாள்.

கரையில் உட்கார்ந்து கண்ணை மூடினோம். அவள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது கண்ணை மூடிய பிறகுதான் தெரிந்தது. புல் அசைந்தது. மெஷினில் காற்று இரைந்தது. நான் இரண்டு விரல் நீட்டியிருந்தேன். நான்காவது நிமிடமோ ஐந்தாவதோ, என் காதுக்குள் வாயை வைத்து, தொண்டை கிழிய,

"அத்தை! ஊசி! கத்துது!"

குளத்தில் இருந்த கொக்கு, நீர்க்கோழி, வாத்து எல்லாம் ஒரே வீச்சில் எழும்பிப் போய்விட்டன. தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பத்துப் பிள்ளைகளும் கண்ணைத் திறந்து முதலில் குளத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னை. குளக்கரையில் கத்துவது எங்கள் சட்டத்தில் கொலைக்குச் சமம். பம்ப் அறைப் பக்கம் தோட்டக்காரர் மண்வெட்டியோடு நின்றுவிட்டார்.

"நல்லாக் கேட்டுச்சு" என்றேன்.

"ஊசியா?"

"நீ கத்தினது."

அவள் சிரிக்கவில்லை. காலியான குளத்தைப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்றேன்" என்றாள்.

அக்கா